இரும்புக்குக் கருணை மதிப்பெண் கிடையாது

அவைக்குத் தலைமை ஏற்று, மேடையின் நடுநாயகமாக, புத்தம்புது மின்விசிறிக்கு நேர் கீழே வீற்றிருக்கும் எங்கள் தொழிற்கல்லூரி முதல்வர் அவர்களே! இந்த அரங்கின் மின்விசிறிகள் அத்தனையையும் அன்பளிப்பாக அள்ளித் தந்துவிட்டு, அந்தக் காற்றிலேயே அமர்ந்து களைப்பாறிக்கொண்டிருக்கும் மின்விசிறி ஆலையின் மேலாளர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் பேச எடுத்து வைத்திருந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் பேசித் தீர்த்துவிட்ட பேராசிரியப் பெருமக்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் மூத்தோர்களே! "பிள்ளை என்ன படிக்கிறது" என்று யாராவது கேட்டால், "ஏதோ மெஷின் படிப்பாம்" என்று சொல்லும்போதே முகம் மலர்ந்துபோகும் தாய்மார்களே! சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் தூணோடு தூணாக நிற்கும் எங்கள் மின்பணியாளர் அண்ணன் அவர்களே! கடைசி வரிசையில் தலைகுனிந்து, கூச்சத்தினால் அல்ல, கைபேசியினால் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தப் புள்ளியியல் ஆசிரியையின் வணக்கம்.

என்னை மாணவர்கள் 'சராசரி டீச்சர்' என்று அழைப்பது எனக்குத் தெரியும். சிரிக்க வேண்டாம். சராசரியைச் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் அந்தப் பெயர் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'தரமே தாரக மந்திரம்'. தலைப்பைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது? அழகாக இருந்ததால் வந்தது. தரத்தைப் பற்றிச் சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். வாசலில் தரம், வளாகத்தில் தரம், வரவேற்பறையில் தரம், கழிவறைக் கதவில்கூடத் தரம். எழுதி வைக்காத ஒரே இடம் எது தெரியுமா? எங்கள் அளவீட்டு ஆய்வகத்தின் மேசை. அங்கே என்ன நடக்கிறது என்று இந்தப் பெற்றோர்களிடம் யாராவது சொன்னதுண்டா? நான் சொல்கிறேன்.

ஒரு பெட்டியில் இரும்புத் துண்டுகள் இருக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து துண்டுகளை எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த அளவுகளை வைத்துக் கட்டுப்பாட்டு வரைபடம் வரைய வேண்டும். அதென்ன வரைபடம்? மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. வேலை ஒழுங்காக நடந்தால் புள்ளிகள் இரண்டுக்கும் நடுவிலேயே விளையாடிக்கொண்டிருக்கும். ஒரு புள்ளி கோட்டைத் தாண்டினால், மெஷினுக்கு ஏதோ ஆகிவிட்டது, நிறுத்திப் பார் என்று அர்த்தம். காய்ச்சல் அடிக்கும் பிள்ளையின் நெற்றி சுடுவதைப் போல. இவ்வளவுதான் அம்மா, என்னுடைய பாடம். இதற்குத்தான் இத்தனை பெரிய புத்தகம்.

நம் செல்வங்கள் என்ன செய்கிறார்கள்? ஐந்தில் ஒன்றை அளக்கிறார்கள். மீதி நான்கையும் பக்கத்து மேசையைப் பார்த்தும் கூரையைப் பார்த்தும் நிரப்புகிறார்கள். எப்படிக் கண்டுபிடிக்கிறேன் என்று கேட்கிறீர்களா? உண்மையான அளவில் ஒரே எண் அடுத்தடுத்து வரும், வெட்கமில்லாமல் வரும். கற்பனை அளவில் வராது. பொய் சொல்கிறவன் ஒரே எண்ணை இரண்டு முறை எழுதப் பயப்படுவான். அதனால் பொய்யான அளவுகள் எப்போதும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார். தம்பி, உங்களைத்தான்.

ஆனால் என் கோபம் அந்தத் தம்பி மேல் இல்லை. அவன் ஏன் அப்படி எழுதுகிறான்? உள்ளது உள்ளபடி எழுதினால் புள்ளி வெளியே போகும். புள்ளி வெளியே போனால் எங்கள் ஆசிரியர் பெருமக்கள் சிவப்பு மையால் சுழித்து, 'மீண்டும் செய்க' என்று எழுதுவார்கள். மெஷின் தப்பு செய்தால் மாணவனுக்குத் தண்டனை! காய்ச்சலைக் கண்டுபிடித்தவனுக்கு அடி! இப்படி வளர்த்துவிட்டு, வெளியே போய் நாட்டுக்குத் தரம் கொண்டு வா என்றால் அவன் எங்கே போய்க் கொண்டு வருவான்? நான் கேட்கிறேன், எந்தக் கடையில் போய் வாங்கி வருவான்?

இப்போது ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தாலே "மேடம், ஒரு சந்தேகம்" என்றுதான் ஆரம்பிப்பாள். மணி அடிக்கப் போகிற நேரம் பார்த்துக் கையைத் தூக்குவாள். மொத்த வகுப்பும் "போச்சுடா" என்று முனகும். நானும் மனதுக்குள் முனகியிருக்கிறேன்.

இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்கு அவள் தேர்ந்தெடுத்த இடம், நம் விருந்தினருடைய மின்விசிறி ஆலை. ஏனென்றால் அங்கே அவளுடைய அம்மா வேலை பார்க்கிறார். அளவீட்டு அறையில், குளிரூட்டிய கண்ணாடி அறையில், காலை முதல் மாலை வரை பின்களை அளந்து எழுதும் வேலை. அந்த அம்மா இதோ இந்த அரங்கில்தான் இருக்கிறார். அவர் அனுமதி கொடுத்துத்தான் பேசுகிறேன். 'சொல்லுங்க டீச்சர், எனக்கும் சேர்த்துச் சொல்லுங்க' என்றார்.

பின் என்றால் என்ன? தலையைத் தூக்கி மேலே பாருங்கள். கொக்கியில் மின்விசிறி தொங்குகிறதே, அந்தக் கொக்கியையும் தண்டையும் சேர்த்துக் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி போகிறது. சுண்டு விரல் அளவு. அதுதான் பின். மொத்த மின்விசிறியும் அதை நம்பித்தான் தொங்குகிறது. அதன் தடிமன் எட்டு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது அவர்களே வகுத்த எல்லை. குறைந்தால் துளைக்குள் ஆடும். ஆட ஆடத் தேயும். தேயத் தேய... மேலே சொல்ல வேண்டியதில்லை.

சந்தேகம் அங்கே போனாள். அளவீட்டு அறையில் எழுதி வைத்திருந்த அளவுகளை வாங்கினாள். எந்த அளவில் எத்தனை பின் என்று பட்டை பட்டையாக வரைந்தாள். இயற்கையாக வரும் அளவுகளை அப்படி வரைந்தால் ஒரு மலை போல வரும்: நடுவில் உயரம், இரண்டு பக்கமும் சரிவு. அவளுக்கு வந்தது பாதி மலை. எட்டுக்கு மேலே ஒழுங்கான சரிவு. எட்டில் ஒரு பெரிய குவியல். எட்டுக்குக் கீழே? ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பின்கூட இல்லை. என்னிடம் கொண்டுவந்து காட்டி அவள் சொன்ன வார்த்தை:

"மேடம், இந்த மலைய யாரோ வெட்டியிருக்காங்க."

தாய்மார்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைவாக வாங்கிய விடைத்தாளை நீங்கள் யாராவது பார்த்ததுண்டா? பார்த்திருக்க மாட்டீர்கள். ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதில்லை. திருத்துகிறவர் எங்காவது ஒரு மூலையில் ஒரு மதிப்பெண்ணைத் தேடி எடுத்துப் போட்டுவிடுவார். நம் கல்லூரி மதிப்பெண்களைப் பட்டை போட்டுப் பார்த்தேன், அங்கேயும் அதே பாதி மலை, தேர்ச்சிக் கோட்டில் அதே குவியல். மாணவர்கள் கைதட்டுகிறார்கள். தட்டாதீர்கள், அந்தக் குவியலே நீங்கள்தான்.

பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடுவது கருணை. நான் தடுக்கவில்லை. அடுத்த ஆண்டு படித்துக்கொள்வான், பிழைத்துக்கொள்வான். ஆனால் பின்னுக்கு? இரும்புக்குக் கருணை மதிப்பெண் போட்டால் அது திருந்துமா? "நம்மைத் தேற்றிவிட்டார்களே, நன்றியோடு கெட்டியாக இருப்போம்" என்று நினைக்குமா? காகிதத்தில் எட்டு என்று எழுதிவிட்டால் இரும்பு வெட்கப்பட்டு ஒரு சுற்றுப் பெருத்துவிடுமா?

அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். சண்டை போடவில்லை, கேட்டிருக்கிறாள். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாராம்:

"ஏழு புள்ளி ஒன்பதுன்னு எழுதினா மெஷின் நிக்கும். மெஷின் நின்னா சூப்பர்வைசர் வருவாரு. திரும்ப அளன்னுவாரு. எட்டு வர்ற வரைக்கும் அளக்கச் சொல்லிட்டு அங்கேயே நிப்பாரு. அதுக்கு முதல்லயே எட்டுன்னு எழுதிட்டா எல்லாருக்கும் நிம்மதி இல்லடி?"

கேட்டீர்களா? எட்டு வருகிற வரைக்கும் அளக்க வேண்டுமாம்! இதை எந்தப் புத்தகத்தில் படித்தார் அந்த சூப்பர்வைசர்? எந்தப் பல்கலைக்கழகம் கற்றுக்கொடுத்தது? வெட்கத்தோடு சொல்கிறேன், நம் ஆய்வகம்தான் கற்றுக்கொடுத்தது. அவர் இந்தக் கல்லூரியின் பழைய மாணவர். அந்த அம்மா மேல் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளதை எழுதினால் அதட்டல், இல்லாததை எழுதினால் நிம்மதி என்று ஏற்பாடு செய்து வைத்தவர்கள் கண்ணாடி அறைக்கு வெளியே இருக்கிறார்கள். மேலாளர் அவர்களே, இந்தப் பேச்சுக்காக நாளைக்கு அந்த அறையில் அந்த அம்மாவின் நாற்காலி காலியானால், உங்கள் ஆலை வாசலில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். எனக்கு ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது, வேறு வேலையும் இல்லை.

சந்தேகம் அதோடு நிற்கவில்லை. முறைப்படி அனுமதி பெற்று, கட்டி முடித்த பெட்டிகளில் இருந்தே பின்களை எடுத்தாள். நம் கல்லூரி மைக்ரோமீட்டரில் அளந்தாள். ஐந்து என்றால் ஐந்தையும் அளந்தாள். வெட்டப்பட்ட அந்த மலையின் மறுபாதி கிடைத்துவிட்டது! ஏழு புள்ளி ஒன்பது, ஏழு புள்ளி எட்டு, அதற்கும் கீழே. கம்பி வாங்கும் இடத்தை மாற்றிய மாதத்தில் இருந்துதான் இந்தச் சரிவு என்றும் வரைபடத்தில் காட்டினாள். புள்ளிகள் கோட்டைத் தாண்டி வெளியே நின்றன. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றன.

அதை மதிப்பீட்டுக் குழுவின் முன் வைத்தாள். குழுத் தலைவர் நம் முதல்வர் அவர்கள். நல்ல மனிதர். அதட்டவே இல்லை. கனிவாகத்தான் சொன்னார்:

"ஏம்மா, இவ்ளோ அழகா வரைஞ்சிருக்க. இந்தப் புள்ளிங்கள மட்டும் கொஞ்சம் உள்ள தள்ளிட்டா முடிஞ்சுது."

அவள் சொன்னாள்:

"புள்ளிய உள்ள தள்ளிடலாம் சார். பின்னை எப்படி சார் தள்றது?"

குழுவில் இருந்த எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. மற்றவர்களுக்கு வேறு ஏதோ தோன்றியது. 'அளவுகள் திருப்திகரமாக இல்லை, மீண்டும் செய்க' என்று முதல்வர் எழுதிக் கையெழுத்திட்டார். நாளைக் காலைக்குள் 'சரியான' அளவுகளோடு வர வேண்டும், வராவிட்டால் தோல்வி. அவளுக்கு மின்தூக்கி செய்யும் ஓர் ஆலையில் தரப் பிரிவில் வேலை காத்திருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் அந்த வாசலை மிதிக்க முடியாது. ஆக, பொய் எழுதினால் வேலை, மெய் எழுதினால் வீடு. அந்த வேலையே என்ன வேலை? மெய் எழுதும் வேலை! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்லி அழ?

இதோ ஒரு துண்டுச்சீட்டு வருகிறது. 'சுருக்கமாக' என்று எழுதியிருக்கிறது. சரி, சுருக்குகிறேன். சுருக்கத்தானே சராசரி கண்டுபிடித்தார்கள்.

அந்த ஆலை செய்த மின்விசிறிகள்தான் உங்கள் தலைக்கு மேலே சுற்றுகின்றன. யாரும் பதற வேண்டாம், எழுந்திருக்க வேண்டாம். அம்மா, குழந்தையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நேற்று மின்விசிறிகளைத் துடைக்கிறோம் என்று சொல்லி முதல்வரிடம் அனுமதி வாங்கினோம். துடைக்கவும் செய்தோம். நம் மின்பணியாளர் அண்ணன் ஏணியில் ஏறி ஒவ்வொரு பின்னாகக் கழற்றிக் கீழே கொடுத்தார். சந்தேகம் கீழே நின்று ஒவ்வொன்றாக அளந்தாள். மெலிந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நம் பட்டறையிலேயே கடைந்த கெட்டியான பின்களை மாட்டினோம். ஒதுக்கியவை இந்த டப்பாவுக்குள் இருக்கின்றன.

இந்தச் சத்தம் கேட்கிறதா? ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்து இன்னொரு முறை குலுக்குகிறேன். இதில் இருக்கிற ஒவ்வொன்றும் காகிதத்தில் எட்டு. நேற்று வரை உங்களில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் இருந்த எட்டு.

ஆகவே உங்கள் தலைக்கு மேலே உள்ளவை பத்திரம். முன்வரிசை பத்திரம், பின்வரிசை பத்திரம், தாய்மார் பகுதி பத்திரம். மேடைக்கு மேலே சுற்றுகிறதே ஒன்று, முதல்வர் அவர்களுக்கு நேர் மேலே, அந்த மின்விசிறியைப் பொறுத்தவரை...

முதல்வர் அவர்களே, நான் இன்னும் வாக்கியத்தை முடிக்கவில்லையே. நாற்காலி ஏன் நகர்கிறது?

மேலாளர் அவர்களுக்குச் சரியாக இந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அழைப்பு வந்திருக்கிறது போலிருக்கிறது. எழுந்து ஓரமாகப் போகிறார். பேசுங்கள் ஐயா, பொறுமையாகப் பேசுங்கள். உங்கள் மின்விசிறிக்கு எட்டாத தூரத்தில்தான் நிற்கிறீர்கள்.

சிரிக்காதீர்கள். தயவுசெய்து யாரும் சிரிக்காதீர்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வயிறு எரிகிறது. முதல்வர் அவர்களே, நீங்கள் என்னைவிட வயதில் மூத்தவர், உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையோடு கேட்கிறேன். அந்தப் பெண்ணின் அளவு தப்பு என்றால், உங்கள் தலைக்கு மேலே இருப்பது எட்டு. ஆலை எழுதிக் கொடுத்த எட்டு. நீங்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட எட்டு. பிறகு நகர்வானேன்? நகர்ந்தீர்கள் என்றால், அவள் அளந்தது சரி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கையால் மறுத்ததைக் காலால் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்! உங்களுக்கு ஓர் உயிர், மற்றவருக்கு ஒரு புள்ளியா? உங்கள் தலை தலை, எங்கேயோ ஒரு வகுப்பறையில், எங்கேயோ ஒரு தொட்டில் மேலே, இந்தப் பின்னை நம்பித் தூங்குகிற தலை தலையில்லையா? அந்தத் தலையை எந்தக் கோட்டுக்குள் தள்ளுவீர்கள்?

என்ன கேட்கிறார் முதல்வர்? சற்று அமைதியாக இருங்கள், அவர் ஏதோ கேட்கிறார். மேடை மின்விசிறியின் பின்னையும் மாற்றியாகிவிட்டதா என்று என்னைக் கேட்கிறார்.

என்னைக் கேட்காதீர்கள் ஐயா. நான் சொல்லிக்கொடுக்கிறவள், அவ்வளவுதான். மேலாளரைக் கேட்டால் எட்டு என்பார். அளந்தவள் அதோ மூன்றாவது வரிசை ஓரத்தில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கேளுங்கள். அண்ணே, அந்த ஒலிவாங்கியை அவளிடம் கொடுங்கள். எழுந்து நில்லம்மா.

முதல்வர் கேட்கிறார், எல்லோரும் கேட்டீர்களா? "ஏம்மா, இது சரியா இருக்கா?" என்று கேட்கிறார். போன வாரம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஒலிவாங்கியை வாய்க்கு நேரே பிடிக்காமலே சொல்லிவிட்டாள், கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது. நான் சொல்கிறேன்.

"அளந்துட்டேன் சார். நீங்க உக்காரலாம்."

அவையோரே, நன்றாகப் பாருங்கள். முதல்வர் நாற்காலியை இழுக்கிறார். பழைய இடத்துக்கே இழுக்கிறார். அண்ணாந்து ஒரு முறை பார்க்கிறார். உட்கார்ந்துவிட்டார்.

ஆலையின் முத்திரையை நம்பி உட்காரவில்லை. தன் கையெழுத்தை நம்பியும் உட்காரவில்லை. தான் 'மீண்டும் செய்க' என்று எழுதித் திருப்பி அனுப்பிய பெண்ணின் ஒரு வார்த்தையை நம்பி, தன் தலையை அந்த மின்விசிறிக்குக் கீழே வைத்திருக்கிறார். இதைவிடப் பெரிய மதிப்பெண்ணை எந்தத் தேர்வுக் குழு போட முடியும்?

அம்மா, நீங்கள் அழ வேண்டாம். உங்கள் மகள் தேறிவிட்டாள். காகிதம் நாளைக் காலையில் வரட்டும். முதல்வர் தலையசைக்கிறார், இந்த அரங்கமே சாட்சி. நாளைக்கு நீங்கள் அந்தக் கண்ணாடி அறைக்குப் போகும்போது, ஏழு புள்ளி ஒன்பது வந்தால் ஏழு புள்ளி ஒன்பது என்றே எழுதுங்கள். மெஷின் நிற்கட்டும். அது நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கிறது.

மாணவச் செல்வங்களே, நாளை முதல் வகுப்பே எனக்கு உங்களோடுதான், ஆய்வகத்தில். ஐந்து என்றால் ஐந்தையும் அளக்க வேண்டும். வெளியே போகிற புள்ளியைச் சுழித்து இனி யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், அனுப்பினால் என்னிடம் வாருங்கள்.

'சுருக்கமாக' என்று சீட்டு அனுப்பியும் மேடையைவிட்டு இறக்கிவிடாத பெருந்தன்மைக்கும், ஏணியில் ஏறிய அண்ணனுக்கும், இவ்வளவு நேரம் அந்த மின்விசிறிகளுக்குக் கீழேயே அசையாமல் அமர்ந்திருந்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி. இந்த டப்பாவை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போகிறேன். மேலாளர் அவர்கள் தொலைபேசி பேசி முடித்ததும் எடுத்துக்கொள்ளட்டும். வணக்கம்.